பேரனுக்கு மட்டும் தடை

கேசட்டில் பாட்டு நகலெடுத்துப் பழகியவர்களுக்கு இது நினைவிருக்கும். கடையில் வாங்கிய கேசட்டிலிருந்து எடுத்த நகல் பரவாயில்லை ரகம். அந்த நகலிலிருந்து இன்னொன்று எடுத்தால் பின்னணியில் 'உஸ்' சத்தம் ஏறிவிடும். அதிலிருந்தும் ஒன்று எடுத்தால் பாடகர் போர்வைக்குள் உட்கார்ந்து பாடுவதுபோலக் கேட்கும். டேப்பின் காந்தத் துகள்கள் கிளப்பும் இரைச்சல் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகும். வீட்டில் நகலெடுப்பது இசை நிறுவனங்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும் அவர்களுக்கு அந்த 'உஸ்' ஒரு சம்பளமில்லாத காவல்காரன்.

1987-இல் டாட் என்ற டிஜிட்டல் டேப் வந்தது. காவல்காரனுக்கு வேலை போயிற்று. சிடியில் உள்ள இசை என்பது ஒவ்வொரு சேனலுக்கும் வினாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். எண்ணைப் பார்த்து எழுதினால் அதே எண்தான் வரும். நூறாவது தலைமுறை நகலுக்கும் மூலத்துக்கும் காதால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்க இசைத் தொழில் பதறியது. சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் ஒரு யோசனை சொன்னது: இசையில் 3,840 ஹெர்ட்ஸ் பக்கம் மெல்லிய ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுவது. பியானோவில் அது வலது கோடியில் இருக்கும் கட்டைகளின் சுரம். பதிவு செய்யும் கருவி அந்த ஓட்டையைக் கண்டால் நின்றுவிட வேண்டும். அரசின் அளவீட்டு ஆய்வகம் இதைச் சோதித்துவிட்டு 1988-இல் உதட்டைப் பிதுக்கியது. வெட்டு காதுக்குத் தெரிகிறது, தடையைத் தாண்டுவதும் சுலபம் என்றது. பாட்டைக் காப்பாற்றப் பாட்டிலேயே கை வைத்தால் வேறென்ன ஆகும்? இதற்கு நடுவே டாட் கருவிகளை விற்ற சோனியே சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை விலைக்கு வாங்கியது தனி வேடிக்கை.

அடுத்து வந்த எஸ்சிஎம்எஸ் என்ற நகல் கட்டுப்பாட்டு முறை இசையைத் தொடவில்லை. சிடி பிளேயரிலிருந்து ரெக்கார்டருக்குப் போகும் டிஜிட்டல் கேபிளில் இசை எண்களோடு கொஞ்சம் துணைத் தகவலும் ஓடும். 192 பிட் கொண்ட ஒரு சீட்டு, வினாடிக்குச் சுமார் 230 தடவை திரும்பத் திரும்ப வரும். 'இதற்குப் பதிப்புரிமை உண்டா', 'இது மூலமா, நகலா' என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கும். டாட் ரெக்கார்டர் அதைப் படித்துத் தன் டேப்பில் இரண்டு பிட் குறியை எழுதும். 00 என்றால் இஷ்டம்போல் நகலெடுக்கலாம். 11 என்றால் இன்னும் ஒரு தலைமுறைக்கு அனுமதி. 10 என்றால் இத்தோடு சரி.

பதிப்புரிமை உள்ள சிடியிலிருந்து எடுத்த நகலில் 10 விழும். அந்த டேப்பை இன்னொரு ரெக்கார்டரில் டிஜிட்டலாக இணைத்தால் அது பதிவு செய்ய மறுக்கும். ஆனால் அதே சிடியிலிருந்து ஆயிரம் டேப் எடுத்தாலும் ஒரு பிட்டும் தடுக்காது. இந்த முறை நகல்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, தலைமுறையைத்தான் எண்ணுகிறது. பிள்ளைகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் பிறக்கலாம், பேரன் மட்டும் பிறக்கக் கூடாது. பழைய காவல்காரன் செய்த வேலையை இரண்டு பிட்டுக்குள் அடக்கிய இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கும். கஷ்டப்பட்டது யார் தெரியுமா? வீட்டில் மைக் வைத்துத் தன் சொந்தப் பாட்டைப் பதிவு செய்தவர். அனலாக் வழியாக வந்த ஒலி யாருடையது என்று கருவிக்குத் தெரியாதே, அதனால் 11 போட்டுவிடும். சொந்தப் பாட்டின் நகலிலிருந்து நகலெடுக்க அவருக்கும் வழியில்லை.

1992-இல் ஆடியோ ஹோம் ரெக்கார்டிங் ஆக்ட் இதைச் சட்டமாக்கியது. அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. வியாபார நோக்கமில்லாமல் இந்தக் கருவிகளில் நகலெடுக்கும் சாதாரண மனிதர்மீது பதிப்புரிமை வழக்குப் போட முடியாது. பதிலுக்கு, டிஜிட்டல் ரெக்கார்டரின் விலையில் 2 சதவீதமும் வெற்று டேப், டிஸ்க்கின் விலையில் 3 சதவீதமும் ராயல்டி. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒலிப்பதிவின் பக்கம், அதாவது நிறுவனங்களுக்கும் பாடகர்களுக்கும். மீதி பாடலாசிரியர், இசையமைப்பாளர், அவர்களின் பதிப்பாளர்களுக்கு.

'மியூசிக்' என்று தனியாக அச்சிட்டு, மற்றதைவிடக் கூடுதல் விலைக்கு வெற்று சிடிகள் விற்றதன் காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்கான சிடியும் அதுவும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். வித்தியாசம், வட்டின் பள்ளத்தில் முன்கூட்டியே பொறித்த ஒரு சின்னக் குறியீடு. வீட்டு ஆடியோ ரெக்கார்டர் அந்தக் குறியீடு இல்லாத வட்டைத் துப்பிவிடும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஓட்டை அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சட்டம் பிடித்தது, முதன்மையாக இசையை நகலெடுக்கவே செய்யப்பட்ட கருவியை. 1998-இல் ரியோ என்ற எம்பி3 பிளேயர் வந்தது. நினைவகம் 32 மெகாபைட், அதாவது 128 கிலோபிட் தரத்தில் சுமார் அரை மணி நேரப் பாட்டு. எஸ்சிஎம்எஸ் இல்லை, ராயல்டியும் இல்லை. இசை நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டு 1999-இல் தோற்றது. ரியோ பாட்டை எடுப்பது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. ஹார்ட் டிஸ்க்கில் பாட்டோடு மென்பொருளும் மற்ற கோப்புகளும் கிடக்கின்றன. அது சட்டம் சொல்லும் 'டிஜிட்டல் இசைப்பதிவு' ஆகாது. ஆகவே அதிலிருந்து எடுக்கும் ரியோவும் சட்டம் சொல்லும் ரெக்கார்டர் இல்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பயனருக்கு இது முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. ராயல்டி வலைக்கு வெளியே நின்ற கம்ப்யூட்டர், வழக்கிலிருந்து காக்கும் குடைக்கும் வெளியே நின்றது. இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர், 2001-இல் தன்மீதான வழக்கில் இந்தச் சட்டத்தைக் கேடயமாகப் பிடிக்கப் பார்த்தது. ஹார்ட் டிஸ்க்கில் எம்பி3 இறக்குவது அதில் வராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. சிடியைப் போட்டால் பாட்டை உள் ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துக்கொள்ளும் கார்கள்மீது அதைக் காட்டி ஒரு வழக்கு நடந்தது. 2020-இல் மேல்முறையீட்டிலும் அது தோற்றது. காரின் ஹார்ட் டிஸ்க்கிலும் பாட்டுக்குப் பக்கத்தில் மென்பொருள் இருந்ததே!