கேலிபிரேஷன் கர்வ்: திருத்தம் அல்ல, ஒப்பு

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் ‘கேலிபிரேஷன் போட்டாச்சா?’ என்பது அன்றாடப் பேச்சு. தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ‘அளவுத்திருத்தம்’ என்கிறோம். ஆனால் கேலிபிரேஷன் எதையும் திருத்துவதில்லை. இந்தச் சொல்லால் வேலையே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

சொல்லின் வேரைப் பாருங்கள்: அரபியில் ‘காலிப்’ என்றால் வார்ப்பு அச்சு. செருப்புத் தைப்பவரின் மரக்கால் அச்சைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்ததாகக் கருதுகிறார்கள். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ‘காலிபர்’ ஆகி, துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்தது. அதிலிருந்து பிறந்த ‘காலிபிரேட்’ என்ற வினைச்சொல் வெப்பமானிக்கும் வந்தது. கண்ணாடிக் குழாயின் துளை எங்கும் ஒரே அகலமாக இராது. எனவே சிறு பாதரசத் துண்டை உள்ளே நகர்த்தி, இடத்துக்கு இடம் அதன் நீளத்தை அளந்தார்கள். நீளம் கூடினால் அங்கே துளை குறுகல். குழாயை யாரும் இழைத்துச் சரிசெய்யவில்லை. எங்கே எவ்வளவு வேறுபாடு என்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கருவி காட்டும் எண்ணுக்கும் தெரிந்த அளவுக்கும் உள்ள உறவைக் கண்டறிவதே கேலிபிரேஷன். கருவியைச் சரிக்கட்டுவது வேறு வேலை. மீன் அங்காடித் தராசுக்கு முத்திரை போடுவது சரிபார்ப்பு, அதுவும் வேறு. ‘தரப்படுத்தல்’ ஸ்டாண்டர்டைசேஷனுக்கு உரியது. ஆகவே ‘அளவொப்பு’ என்பதே எங்கள் தேர்வு. கர்வ் என்பதற்குப் பாடநூலின் ‘வளைவரை’ போதும். கோடு நேராக வந்தாலும் கணிதத்தில் அது வளைவரைதான்.

கடலூர் மணற்கல் இரும்புச் சத்துள்ளது; வாளியில் பழுப்புக் கறை விடும் போர் தண்ணீர் இங்கே பழகிய காட்சி. அந்த இரும்பை அளப்பதையே எடுத்துக்கொள்வோம். 0.7022 கிராம் மோர் உப்பை (Mohr's salt, இரும்பு அம்மோனியம் சல்பேட்), சிறிது கந்தக அமிலம் சேர்த்து, 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு. அதைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 2.5, 5, 10, 15, 20 மி.லி. எடுத்து 50 மி.லி. குடுவைகளில் விட்டு, பிறகு 50 மி.லி. வரை நிரப்பினால் லிட்டருக்கு 0.5, 1, 2, 3, 4 மி.கி. ஸ்டாண்டர்டுகள், அதாவது அளவு தெரிந்த கரைசல்கள், கிடைக்கும் (இனி மி.கி. என்றால் லிட்டருக்கு). இரும்பே சேர்க்காத பிளாங்க் ஒன்றும் வேண்டும். எல்லாவற்றிலும் ஹைட்ராக்சிலமீன், தாங்கல் கரைசல் (பஃபர்), இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பெனந்த்ரோலின் சேர்த்து, குறிவரை நீர் நிரப்பிக் கலக்கி, 15 நிமிடம் விட்டு, ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தை 510 நானோமீட்டர் அலைநீள ஒளியில் படிக்க வேண்டும். 1 செ.மீ. குவெட்டில் (கரைசல் வைக்கும் சிறு கலம்) 1 மி.கி.க்கு உட்கவர்வு, அதாவது கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு, ஏறக்குறைய 0.20 வரும். 0.12 போல வந்தால் வரைகோடு போடுவதற்கு முன் வினைப்பொருளையும் பிப்பெட்டையும் பாருங்கள்.

ஸ்டாண்டர்டுகளின் அளவைக் கிடையச்சிலும் உட்கவர்வைச் செங்குத்தச்சிலும் குறித்து வரைந்ததில் சரிவு 0.198, வெட்டுத்துண்டு 0.004 என்று கோடு வந்தது, மாதிரி 0.301 காட்டுகிறது. 0.004ஐக் கழித்து 0.198ஆல் வகுத்தால் 1.5 மி.கி. 50 மி.லி. குடுவையில் விட்ட மாதிரித் தண்ணீர் 25 மி.லி. என்றால் இரண்டால் பெருக்க, 3.0 மி.கி. இந்தப் பெருக்கல்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.999 வந்ததும் நிம்மதி அடைய வேண்டாம். 0.5 மி.கி. புள்ளி மட்டும் 20 விழுக்காடு விலகியிருந்தாலும் அந்த எண் 0.999ஆகவே நிற்கும். ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் கோட்டில் வைத்துத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கோட்டைச் சுழியம் வழியாக வலிந்து இழுக்கவும் கூடாது.

மாதிரி 4 மி.கி.யைத் தாண்டினால் கோட்டை நீட்டாதீர்கள். நிறமேற்றிய கரைசலை நீர்ப்பதும் உதவாது: ஓர் இரும்பு அயனிக்கு மூன்று பெனந்த்ரோலின் மூலக்கூறு வேண்டும், அது முன்பே தீர்ந்திருக்கலாம். மூலத் தண்ணீரை நீர்த்து, நிறத்தைப் புதிதாக ஏற்றுங்கள்.

இன்னொன்று, கோட்டில் தெரியவே தெரியாத பிழை. போரடியிலேயே அமிலம் விடாமல் கொண்டுவந்த தண்ணீரில் இரும்பு புட்டியின் அடியில் படிந்துவிடும். மேல்நீரைப் பிப்பெட்டில் எடுத்தால் எவ்வளவு அழகான அளவொப்பு வளைவரையும் குறைந்த எண்ணையே தரும்.