பருவ மேசையில் இருந்த குன்றிமணி

போன மாசியில் நாலு வயதுப் பையன் ஒருவன் டவுசர் பை நிறையக் குன்றிமணி கொண்டுவந்தான். தோப்பு வேலியில் காய் வெடித்துக் கிடந்ததாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த மணிகளை ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு, நானே எங்கள் பருவ மேசையில் வைத்தேன். ஸ்டைனர் முறை மழலையர் பள்ளிகளில் ஒரு மூலையில் அந்தந்தக் காலத்துப் பூ, காய், இறகு, கல் எல்லாம் அடுக்கிய மேசை இருக்கும். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள், எடுத்து விளையாடுவார்கள். இரண்டு நாள் மணிகள் அங்கேயே இருந்தன. மூன்றாம் நாள் மத்தியானம், பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மாயி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், இதைக் கடிச்சா உசுருக்கே ஆகாதுங்களே, பிள்ளைக கைக்கு எட்டுற எடத்துலயா வெக்கறது?" என்றார்.

அடுத்த வாரம் அந்த மணிகளை ஊசியால் துளைத்து மாலை கோக்கலாம் என்று நான் திட்டம் வைத்திருந்தேன். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. மேல்தோல் கெட்டி என்பதால், முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கடித்து உடைத்தாலோ துளை போட்டாலோ அந்தக் காப்பு போய்விடுகிறது. வாந்தி, ரத்தத்தோடு பேதி என்று அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகலாம். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காமல், மிச்சமிருக்கும் விதையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் இது. அன்று யாரும் வாயில் வைக்கவில்லை. நான்தான் வைத்திருக்கக் கூடாத இடத்தில் வைத்தேன்.

எங்கள் பள்ளி கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு வீடு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் குழந்தைகளில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். 16 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள், சமையலுக்கும் உதவிக்கும் ஒரு சேச்சி. குன்றிமணி விஷயத்தில் இந்த இரட்டை மொழியும் ஒரு சிக்கல் செய்தது. சேச்சிக்குப் பொட்டு வைத்தது குன்னிக்குரு, முழுச்சிவப்பாகப் பெரிதாக இருப்பது மஞ்சாடிக்குரு. குருவாயூர் கோயிலில் உருளி நிறையக் கொட்டிவைத்துக் குழந்தைகள் அள்ளி அள்ளி விளையாடுகிறார்களே, அது மஞ்சாடி. நம் பக்கத்தில் ஒன்று குன்றிமணி, இன்னொன்று ஆனைக்குன்றிமணி. பேச்சில் இரண்டுமே குன்றிமணி ஆகிவிடும். "அங்கே கோயிலிலேயே குழந்தைகள் விளையாடுவதுதானே" என்று நான் மனதில் வைத்திருந்தது வேறு விதை. அதன் பிறகு சேச்சியும் நானும் தோப்பைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு செடிக்கும் இரண்டு மொழியிலும் பேர் சொல்லிப் பார்த்தோம். வேலியில் மஞ்சள் அரளி, கிணற்றுப் பக்கம் ஊமத்தை, எருக்குழி ஓரம் ஆமணக்கு. மூன்றும் விஷம். மூன்றையும் வேரோடு பிடுங்கினோம்.

நாங்கள் பிளாஸ்டிக் பொம்மை வைப்பதில்லை. மரம், பருத்தி, தேன்மெழுகு, சிப்பி, விதை என்று இயற்கைப் பொருள்கள்தான். இயற்கை என்றாலே கெடுதல் இல்லை என்ற நினைப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. கடையில் வாங்கும் பொம்மையின் அட்டையில் மூன்று வயதுக்கு மேல் என்றாவது அச்சடித்திருக்கும். தோப்பில் பொறுக்கியதற்கு அந்த அட்டையை நாம்தான் எழுத வேண்டும். சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்குவது எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சை அடைக்கலாம். எங்களிடம் இரண்டரை வயதுத் தங்கையும் ஆறு வயது அண்ணனும் ஒரே அறையில் விளையாடுகிறார்கள். அண்ணன் பல்லாங்குழி ஆடும் புளியங்கொட்டை தங்கையின் மூக்குக்குள் போன நாளும் உண்டு. இப்போது சின்ன விதைகள் மூடிபோட்ட தூக்குப்போசியில் உயர அலமாரியில் இருக்கின்றன. பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்து எடுத்து, எண்ணித் திரும்ப வைப்பார்கள். இந்தப் பக்கம் நிலக்கடலை விளைகிற ஊர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: முழுக் கடலை ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம், இடித்துக் கொடுங்கள்.

ஸ்டைனர் முறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ருடால்ஃப் ஸ்டைனர் ஆஸ்திரியாக்காரர், 1861 முதல் 1925 வரை வாழ்ந்தவர். 1919ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக எமில் மோல்ட் பள்ளி தொடங்கியபோது அதன் கல்விமுறையை வகுத்தவர். அதனால்தான் வால்டோர்ஃப் என்ற இன்னொரு பேர். அங்கே எலிசபெத் க்ரூனேலியஸ் மழலையர் பிரிவைத் தொடங்கியது 1926ல். ஏழு வயது வரை எழுத்துப் பாடம் இல்லை, திரை இல்லை. பெரியவர்கள் மாவு பிசைவதையும் துணி மடிப்பதையும் பார்த்துப் பார்த்துக் குழந்தை கற்கிறது. பொதுவாக மூன்று முதல் ஆறு வயது வரை கலந்து ஒரே குடும்பம் போல.

பார்க்க வருகிற பெற்றோர் எல்லோரும், "வீடு மாதிரியே இருக்குங்க டீச்சர்" என்பார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் அம்மா கவனிப்பாள் என்று அப்பாவும், அப்பா கவனிப்பார் என்று பாட்டியும் இருக்கிற நேரத்தில்தான் குழந்தை வாசலைத் தாண்டும். சின்னப் பள்ளியிலும் அப்படித்தான். 16 பேர்தானே, எல்லோரையும் தெரியுமே என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்களுக்கு அது ஒரு புதன்கிழமை நடந்தது. தோப்பில் விளையாடி முடித்து, கை கழுவி, பாட்டுப் பாடி வட்டமாக உட்கார்ந்து கதையும் ஆரம்பித்தாயிற்று. பாதிக் கதையில் சேச்சி ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கின் மேல் படுத்துத் தூங்கிப்போயிருக்கிறாள். ஏறக்குறைய பத்து நிமிடம் அவள் இல்லாதது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நான் அவளை வலது பக்கம் இருப்பதாகவும், என்னோடு இருக்கும் டீச்சர் அவளைக் கழிப்பறையில் இருப்பதாகவும் நினைத்திருக்கிறோம். அந்தக் கொட்டகைக்கு முப்பது அடி தள்ளிக் கிணறு.

அன்று சாயங்காலமே அவள் அம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் அழுதார், கோபப்பட்டார், மறுநாள் குழந்தையை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அனுப்பினார். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. நாங்களும் மறந்திருப்போம், மறுபடியும் நடந்திருக்கும்.

இந்த முறையின் உயிரே நாளின் லயம்தான். மூச்சை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் போல, கொஞ்ச நேரம் அமைதி, கொஞ்ச நேரம் ஓட்டம். விபத்து பெரும்பாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தில்தான் நடக்கிறது: தோப்பிலிருந்து உள்ளே, கழிப்பறையிலிருந்து வட்டத்துக்கு, வட்டத்திலிருந்து வாசலுக்கு. எனவே எண்ணுவதை அந்த லயத்துக்குள்ளேயே வைத்துவிட்டோம். உள்ளே வரும்போது ஒரு டீச்சர் கதவோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்கையையும் தொட்டு, பேர் சொல்லிப் பாடி உள்ளே விடுவார். இன்னொருவர் கடைசியாகத் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எண்ணிக்கையைச் சொல்வார். இரண்டும் பொருந்தினால்தான் கதவு சாத்தப்படும். இப்போது குழந்தைகளே கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். "பதினஞ்சுதானுங்க டீச்சர், அண்ணன் இன்னும் கொய்யா மரத்துல" என்று ஒரு வாண்டு ஒருநாள் என்னைத் திருத்தினாள்.

அந்தக் கொய்யா மரத்தைப் பற்றி நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள். ஏற விடுகிறீர்களே, விழ மாட்டார்களா? விழுவார்கள். முட்டி சிராய்த்துக்கொண்டு வருவார்கள். உயரம் குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. எவ்வளவு உயரம் போனால் தனக்குப் பயமாக இருக்கிறது என்று அதுவே அளந்துகொள்கிறது. நாங்கள் ஏற்றிவிடுவதில்லை, தானாக ஏற முடிந்த கிளைவரைதான். மரத்தடியில் கல்லும் கம்பியும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். கிணறும், அரளி விதையும், விறகடியில் சுருண்டிருக்கும் கட்டுவிரியனும் அப்படி இல்லை. அவற்றை அளக்கக் குழந்தைக்கு வழியே கிடையாது. அதை அளப்பது முழுக்க நம் வேலை. கிணற்றுக்கு இரும்பு வலையும் பூட்டும் போட்டாயிற்று. விறகை விளையாடும் இடத்திலிருந்து எட்டத்தில் அடுக்கினோம். தரையில் ஒரு பொந்து கண்டாலும் அன்றே அடைக்கிறோம். 2019ல் வயநாட்டில் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து ஒரு மாணவி இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கடித்தது பாம்பா என்று சந்தேகம் வந்தாலே போதும், கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லை ஊர் என்பதால் இதிலும் ஒரு முன்யோசனை தேவைப்பட்டது. எங்கள் போன் சில நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். 108 கூப்பிட்டால் எந்த மாநிலம் எடுக்கும் என்பது அன்றைய சிக்னலைப் பொறுத்தது. அதனால் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியின் நம்பர், பக்கத்து வீட்டு ஜீப்காரர் நம்பர், பள்ளிக்கு வரும் வழி, மூன்றையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். பதற்றத்தில் சொந்த ஊர் பேரே வாயில் வராது.

வெயில் வேறு. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. தினமும் வெளியே விளையாட வேண்டும் என்பது எங்கள் முறை, ஆனால் அது ஐரோப்பியக் குளிரை வைத்து வந்த பழக்கம். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பதரைக்குள் வெளி விளையாட்டை முடித்துவிடுகிறோம். கதை நேரத்து மெழுகுவர்த்திக்குப் பதில் கனமான பித்தளை விளக்கு, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். விளையாட்டுத் துணிகள் தொங்கும் அறையில் நெருப்பே இல்லை. 2004ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்தது, "மாமா". கேட்டில் ஒருவர் நிற்கிறார். "மாமா வந்துட்டாங்க!" என்று குழந்தை துள்ளி ஓடுகிறது. நம் ஊரில் அம்மாவின் தம்பியும் மாமா, ஆட்டோ ஓட்டுகிறவரும் மாமா, பெட்டிக்கடைக்காரரும் மாமா. குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதாலேயே கூட்டிப்போகலாம் என்று ஆகாது. அப்பா அம்மா இருவருமே காலையில் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போய்விடுகிற குடும்பங்கள் எங்களிடம் அதிகம். சேர்க்கும்போதே மூன்று பேரின் பேர், போட்டோ, போன் நம்பர் வாங்கி வாசல் நோட்டில் ஒட்டுகிறோம். அதில் இல்லாதவர் வந்தால், அப்பாவோ அம்மாவோ போனில் சொல்லும்வரை குழந்தை எங்களோடுதான். ஒருமுறை சொந்த அப்பாருவையே முக்கால் மணி நேரம் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தோம். அவருக்கு மனவருத்தம்தான். மருமகள் போனில் பேசிய பிறகு, "சரி அம்மிணி, இப்படித்தான் இருக்கோணும்" என்றுவிட்டுப் பேரனைக் கூட்டிப்போனார்.

உடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற சின்னப் பள்ளிகளைப் பார்க்கிறேன். "நாமெல்லாம் குடும்பம் மாதிரி" என்பதுதான் அங்கே வரும் பதில். எங்களிடம் எந்தப் பெரியவரும் மூடிய கதவுக்குள் ஒரு குழந்தையோடு தனியாக இருப்பதில்லை. கழிப்பறைக் கதவு பாதி திறந்தே இருக்கும். இது என்னையும் சேர்த்துத்தான். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 குழந்தைகளுக்கு ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர் என்கிறது. கிணறும் தோப்பும் உள்ள இடத்துக்கு அது போதாது என்பது என் கருத்து, அதனால்தான் மூன்று பேர். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012லிருந்து இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. பள்ளியின் நல்ல பேர், அந்த ஆளின் குடும்பம் எதுவும் அதற்குக் காரணம் ஆகாது. குழந்தைகள் உதவி எண் 1098 எங்கள் சமையலறையில் ஒட்டியிருக்கிறது, சேச்சிக்கும் மனப்பாடம்.

எங்கள் முறையை நேசிக்கிறவர்கள் தவறிப்போகிற இடம் இன்னொன்று உண்டு. ஒவ்வொரு குழந்தையும் தன் நேரத்தில் மலரும் என்று நம்புகிறோம், நானும் நம்புகிறேன். ஆனால் மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாட்டுப் பாடிக் கூப்பிட்டால் திரும்பாது, பக்கத்தில் போய்த் தொட்டால்தான் திரும்பும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதம் என்று வீட்டில் சொன்னார்கள். நாங்களும் நாலு மாதம் காத்திருந்தோம். காது டாக்டரிடம் காட்டியபோது இரண்டு நடுக்காதிலும் நீர் கோத்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குழந்தை சேச்சியிடம் மலையாளத்திலும் என்னிடம் தமிழிலும் ஓயாமல் பேசுகிறது. அந்த நாலு மாதம் எங்கள் தப்பு. தடுப்பூசியும் அப்படித்தான். ஐரோப்பாவில் ஸ்டைனர் பள்ளிகளைச் சுற்றித் தட்டம்மை பரவிய வரலாறு இருக்கிறது. பக்கத்தில் மலப்புறத்திலேயே 2016ல் தொண்டை அடைப்பான் திரும்ப வந்து உயிர் குடித்தது. சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையை நாங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம், விட்டுப்போயிருந்தால் போட்டுவிட்டு வரச் சொல்கிறோம்.

குழந்தையைச் சேர்க்க இடம் தேடுகிறவர்கள், எந்த முறைப் பள்ளியாக இருந்தாலும், ஒரு காலை முழுக்க அங்கே போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மரப்பொம்மையும் இளஞ்சிவப்புத் திரைச்சீலையும் முதல் பத்து நிமிடத்தில் மனதை இழுத்துவிடும். அப்புறம் வெளியிலிருந்து உள்ளே வரும் நேரத்தைக் கவனியுங்கள், யாராவது எண்ணுகிறார்களா? ஒரு டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் அன்று யார் வருவார் என்று கேளுங்கள். மூச்சடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, வயிற்றில் ஐந்து அமுக்கு என்பதை ஒரு பொம்மையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கடைசியாக இங்கே நடந்த விபத்து என்ன என்றும் கேளுங்கள். எதுவுமே நடந்ததில்லை என்று உடனே பதில் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

எங்கள் பருவ மேசையை இப்போது திங்கட்கிழமை தோறும் அந்த அம்மாயிதான் வந்து பார்க்கிறார். போன வாரம் ஒரு அழகான ஆமணக்குக் குலையை வைத்திருந்தது நம்ம சேச்சிதான். அம்மாயி ஒன்றும் சொல்லாமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, எருக்குழி ஓரம் இன்னொரு செடி முளைத்திருக்கிறது, வாங்க பிடுங்கலாம் என்று என்னைக் கூட்டிப்போனார்.