ஐமேப்: இடைக்காலப் பெயர், நிலைத்த வேலை

கைப்பேசியில் படித்த மடல் வீட்டுக் கணினியிலும் படித்ததாகவே நிற்கிறது. அலுவலகத்தில் பாதியில் விட்ட பதிலை இரவு வீட்டில் முடிக்கலாம். இதைச் செய்து தருவது ஐமேப் (IMAP): மடல் செயலியும் மடல்களை வைத்திருக்கும் வழங்கியும் (சர்வர்) பேசிக்கொள்ளும் நெறிமுறை.

1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் இதை வடிவமைத்தபோது, முதலெழுத்தான 'ஐ' இன்டரிம் என்பதைக் குறித்தது. 'இடைக்கால' என்று பொருள். பிறகு அது இன்டராக்டிவ் ஆகி, கடைசியில் இன்டர்நெட் ஆனது. 'எம்' கூட மெயிலிலிருந்து மெசேஜுக்கு மாறிவிட்டது. இடைக்கால ஏற்பாட்டுக்கு 2021-இலும் புதிய பதிப்பு வந்தது!

மாறாமல் நின்ற எழுத்துகள் 'ஏ'வும் (ஆக்சஸ், அதாவது அணுகல்) 'பி'யும் (புரோட்டோகால், அதாவது நெறிமுறை). சூட்சுமம் 'ஏ'வில்தான். 1984-இல் வந்த இன்னொரு மடல் நெறிமுறையான பாப்பின் (POP, போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்) பெயரிலேயே அஞ்சல் நிலையம் உண்டு: போய் மடலை வாங்கி வந்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. அலுவலகக் கணினி என் மடல்களை எல்லாம் அப்படி அள்ளிக்கொண்டுவிட, வீட்டில் வெறும் பெட்டியைத் திறந்து விழித்த நாள் நினைவிருக்கிறது. வழங்கியிலும் ஒரு படி வைக்கச் சொல்லும் வசதி பாப்பில் உண்டுதான்; ஆனால் எதைப் படித்தோம் என்பது அடுத்த கணினிக்குத் தெரியாது.

ஐமேப்பில் அஞ்சல் பெட்டியின் இருப்பிடம் வழங்கியேதான். 'படித்தது', 'பதிலிட்டது' போன்ற குறிகளும் மடலோடு அங்கேயே இருக்கின்றன. நீக்குவதும் முதலில் ஒரு குறிதான். துடைத்தெறியத் தனிக் கட்டளை வேண்டும். சில செயலிகளில் நீக்கிய மடல் குறுக்குக்கோட்டுடன் இன்னும் கண்ணில் படுவது இதனால்தான்.

ஐமேப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'புரோட்டோகால்' கிரேக்கச் சொல்; பப்பைரஸ் சுருளில் முதலாவதாக ஒட்டிய தாளைக் குறித்தது. நமக்கு 'நெறிமுறை' பழகிவிட்டது. ஒழுக்கநெறியோ என்று மயங்குபவர்களும் உண்டு. 'இணையச் செய்தி அணுகல் நெறிமுறை' என்பது சொல்லுக்குச் சொல் சரி; ஆனால் 'செய்தி' நாளிதழை நினைவூட்டுகிறது. நான் 'மடல் அணுகு நெறி' என்பேன். அணுகுதல் என்றால் கிட்டே போவது. மடல் இருந்த இடத்தில் இருக்க, நாம்தான் போகிறோம். 'மடல் பெறு நெறி' என்று எழுதினால் அது பாப்புக்குத்தான் பொருந்தும்.

உங்கள் கணக்கு எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், செயலியின் அமைப்புகளில் உள்வரும் அஞ்சலுக்கான போர்ட் எண்ணைப் பாருங்கள். 993 அல்லது 143 என்றால் ஐமேப். 995 அல்லது 110 என்றால் பாப்.