ஆஸ்டியோபதி: பெயரில் எலும்பு, வேலையில் தசையும் மூட்டும்

கையால் தொட்டுச் சோதித்து, கையாலேயே சிகிச்சை தரும் மருத்துவமுறை ஆஸ்டியோபதி. தசை, மூட்டு, இவற்றைப் போர்த்தியிருக்கும் திசுப்படலம் ஆகியவற்றில் அசைவு எங்கே குறைந்திருக்கிறது என்று விரலால் தேடுவார்கள். பிறகு அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் அதை மீட்கப் பார்ப்பார்கள். மருந்தும் அறுவையும் இல்லாமல் இந்தக் கைவேலையை மட்டும் செய்யும் பிரிவு ‘கைமுறை ஆஸ்டியோபதி’. தமிழில் பலர் இதை ‘எலும்பு மருத்துவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு எலும்பு முறிந்தவர் இங்கே வந்து நின்றால் விபரீதம்தான்.

குழப்பத்துக்கு மூலச் சொல்லே காரணம். கிரேக்கத்தில் ‘ஆஸ்டியோன்’ எலும்பு. ‘பாத்தோஸ்’ துன்பம், நோவு. நியூரோபதி என்றால் நரம்பு நோய், கார்டியோமயோபதி என்றால் இதயத் தசை நோய். அந்தக் கணக்கில் ஆஸ்டியோபதி என்பது ‘எலும்பு நோய்’ ஆகவேண்டும். மருத்துவ அகராதிகளில் அந்தப் பொருளும் உண்டு. ஆனால் ஓமியோபதி, அலோபதி என்ற பெயர்களில் ‘பதி’ நோயை விட்டு மருத்துவமுறைக்குத் தாவிவிட்டது. ஆஸ்டியோபதியும் அந்த வரிசையில் சேர்ந்ததே. (தமிழ்க் காதுக்குப் பதி என்றால் தலைவன். பசுபதிக்கும் இந்தப் பதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

பெயரை வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828–1917). 1864-ல் மூளையுறை அழற்சியில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். பாதரசக் கலவைகளும் பேதி மருந்துகளும் தாராளமாகப் புழங்கிய காலம் அது. அந்த மருத்துவத்தில் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போனது. 1874-ல் தன் கொள்கையை அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். எலும்பு இடம் பிசகினால் இரத்த ஓட்டமும் நரம்பும் தடைப்படும், நோய் அங்கிருந்தே கிளம்பும் என்பது அவர் வாதம். அவருக்கு எலும்பு ஒரு நெம்புகோல். தேடலைத் தொடங்கும் இடம். அதனால்தான் பெயரில் எலும்பு ஏறியது. எல்லா நோய்க்கும் அதுவே வேர் என்ற கருத்து பிற்பாடு நிற்கவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ‘எலும்பு பிசகியிருக்கிறது, தள்ளி உட்காரவைத்தேன்’ என்று இன்றும் சொல்லும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். நலமான முதுகெலும்பில் முள்ளெலும்பு அப்படி நழுவி நிற்பதில்லை. குறைந்திருப்பது அசைவு, கூடியிருப்பது தசையின் இறுக்கம்.

பக்கத்துச் சொற்களையும் பிரித்தறிய வேண்டும். கைரோபிராக்டிக், 1895-ல் டி. டி. பாமர் தொடங்கியது, கிரேக்கத்தில் ‘கெய்ர்’ என்றால் கை. கையைப் பெயரில் வைத்துக்கொண்ட அந்த முறை பெரும்பாலும் முதுகெலும்பைச் சுற்றியே நிற்கும். எலும்பைப் பெயரில் வைத்துக்கொண்ட ஆஸ்டியோபதி தசையையும் படலத்தையும் அதிகம் தொடும். ஆர்த்தோபீடிக்ஸ் அறுவையும் மருந்தும் சேர்ந்த எலும்பு மூட்டு மருத்துவம். தமிழில் முடநீக்கியல் என்ற நல்ல சொல் அதற்கு உண்டு. பிசியோதெரபிக்கு இயன்முறை மருத்துவம் என்பது நிலைத்துவிட்டது.

ஆஸ்டியோபதிக்குத் தமிழில் என்ன வைக்கலாம்? ‘எலும்பு மருத்துவம்’ முடநீக்கியலோடு மோதுகிறது. ‘என்பு மருத்துவம்’ என்பதில் பழஞ்சொல்லின் அழகு உண்டு, குழப்பம் அதேதான். சித்த மருத்துவத்தில் உடலைப் பிடித்துவிடும் முறையான தொக்கணத்தை எடுத்து இங்கே ஒட்டுவதும் சரியல்ல: அதற்குத் தனிக் கோட்பாடு, தனி மரபு. ஆனால் தொக்கணத்தின் வினைச்சொற்களான தட்டல், அழுத்தல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல், அசைத்தல் ஆகியவை கைவேலையை விவரிக்கக் கச்சிதமானவை. அவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். முறையின் பெயராக ஓமியோபதிபோல ஆஸ்டியோபதி என்றே எழுதி, முதல் இடத்தில் ‘கைவழி உடலியக்கச் சீரமைப்பு’ என்று ஒரு விளக்கம் சேர்ப்பதே நல்லது. ‘கைவழி’ கருவியைச் சொல்கிறது, ‘உடலியக்கம்’ இலக்கைச் சொல்கிறது. எலும்பு என்ற பொய்க்குறிப்பு இல்லை.

சிகிச்சையின் சொற்கள்

சோதனையில் நான்கு அடையாளங்களைத் தேடுவார்கள்: திசுவின் தன்மையில் மாற்றம், இடவலப் பேதம், அசைவுக் குறைவு, தொட்டால் நோவு. இவை சேர்ந்து தென்படும் இடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சோமாட்டிக் டிஸ்ஃபங்ஷன்’ என்ற பெயரைத் தமிழில் ‘உடற்செயல் பிறழ்வு’ எனலாம். நான்கும் ஒரே தரமானவை அல்ல. ஒரே முதுகை இருவர் தடவினால் எந்த இடத்தில் வலிக்கிறது என்பதில் ஓரளவு ஒத்துப்போவார்கள். எந்த முள்ளெலும்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் அடிக்கடி முரண்படுவார்கள்.

அடுத்து ‘தடை’. மூட்டைத் தானாக அசைத்து எட்டும் எல்லை ஒன்று. அதற்கு அப்பால், பிறர் அசைத்தால் சேதமில்லாமல் போகக்கூடிய கடைசி எல்லை இன்னொன்று. இறுக்கம் காரணமாக முதல் எல்லைக்கும் முன்பே கை நின்றுவிடும் இடம் மூன்றாவது. சிகிச்சையில் ‘தடை’ என்றால் அதுதான். தடையை நோக்கிப் போகும் நுட்பங்கள் ஒரு வகை, தடையை விட்டு விலகி வசதியான பக்கம் போகும் நுட்பங்கள் மறு வகை. பிசைதல், குறுக்கே நீட்டுதல், விரலால் அழுத்திப் பிடித்தல் போன்ற மென்திசு வேலைகள் பெரும்பாலும் இவற்றுக்கு முன்தயாரிப்பு.

முதல் வகையில் முக்கியமானது தசைவிசை நுட்பம். ஃப்ரெட் மிட்செல் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் உருவாக்கியது. இதில் விசை நோயாளியுடையது. சிகிச்சையாளர் எதிர்ப்பு மட்டும் தருகிறார். தொடையின் பின்தசை இறுக்கத்துக்குச் செய்யும் விதம்: நோயாளி மல்லாந்து படுக்கிறார். முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்கி, முதல் எதிர்ப்பு கையில் தட்டுப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். ‘இழுக்கிறது’ என்று அவர் சொல்லும் இடம் அதற்கும் அப்பால், அதுவரை போகக்கூடாது. குதிகாலைச் சிகிச்சையாளரின் தோளில் சாய்த்து, முழு பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி, கால் நகராதபடி 5 விநாடி பிடிக்க வேண்டும். ‘விடுங்கள்’ என்றபின் இரண்டு மூன்று விநாடி காத்திருந்து, தசை முழுக்கத் தளர்ந்ததும் அடுத்த தடை வரை காலை உயர்த்தலாம். இப்படி மூன்று முதல் ஐந்து முறை.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். நோயாளி முழு பலத்தோடு தள்ளினால் பக்கத்துத் தசைகளெல்லாம் சேர்ந்து இறுகும், மூச்சையும் அடக்கிக்கொள்வார். தளர்வதற்குக் காத்திராமல் உடனே தூக்கினால் தசை எதிர்த்து நிற்கும். மூன்றாவது ஏமாற்று: கால் உயர்ந்ததுபோல் தெரியும், உண்மையில் இடுப்பு மேசையை விட்டு எழும்பியிருக்கும். மறு காலின் தொடையை மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் அது உடனே வெளிப்பட்டுவிடும்.

விலகும் வகையில் பேர்பெற்றது எதிர்நிலை நுட்பம். 1955-ல் லாரன்ஸ் ஜோன்ஸ் கண்டறிந்தது. தசையில் விரல்நுனி அளவுள்ள ஒரு நோவுப்புள்ளியைத் தேடி, அழுத்தும்போது வலி எவ்வளவு என்று கேட்டு அதைப் பத்து என்று வைத்துக்கொள்வார்கள். விரலை எடுக்காமல், அந்தத் தசை சுருங்கும் பக்கமாக உடலை மடக்கியோ திருப்பியோ, வலி பத்திலிருந்து மூன்றுக்கோ அதற்கும் கீழோ இறங்கும் நிலையைத் தேட வேண்டும். கிடைத்ததும் 90 விநாடி அசையாமல் வைத்திருக்க வேண்டும். விரல் அங்கேயே இருக்கும், ஆனால் அழுத்தாது. பிறகு மெல்ல, மிக மெல்லப் பழைய நிலைக்குத் திருப்பி, புள்ளியை மீண்டும் சோதிக்க வேண்டும். இந்தத் திரும்புதலின் முதல் சில பாகைகளில்தான் காரியம் இருக்கிறது. வேகமாகத் திருப்பினால் தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் விழித்துக்கொண்டு, தளர்ந்த தசையை மறுபடி இறுக்கிவிடும். ஒன்றரை நிமிட வேலையும் வீண். நோயாளியும் உதவி செய்வதாக நினைத்துத் தானே எழப் பார்ப்பார். ‘நீங்கள் சும்மா இருங்கள், நான் தூக்குகிறேன்’ என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

வெடுக்கென்று திருப்பும் நுட்பம் எல்லோருக்கும் தெரிந்தது. அதிவேகக் குறுவீச்சு உந்தல் என்று சொல்லலாம். பேச்சில் ‘நெட்டி எடுத்தல்’. தடை வரை மூட்டைக் கொண்டுபோய்த் தளர்ச்சியை எல்லாம் இழுத்துக்கட்டி, வேகமாகவும் மிகக் குறைந்த தூரத்திலும் ஓர் உந்து. வீச்சு அதிகமானால் ஆபத்து, வேகம் குறைந்தால் பயனில்லை. கேட்கும் ‘டக்’ ஓசை எலும்பு உட்கார்ந்த ஓசை அல்ல. மூட்டுப் பரப்புகள் விலகும்போது மூட்டுநீரில் வாயுக்குழி தோன்றுவதோடு அது இணைந்தது. 2015-ல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வில் விரல் மூட்டில் இதை நேராகவே படம்பிடித்தார்கள். ஒருமுறை நெட்டி விழுந்த மூட்டு சுமார் 20 நிமிடத்துக்கு மறுபடி ஒலிக்காது. ஓசை வரவில்லை என்று மீண்டும் மீண்டும் திருப்புவது அறியாமை. உந்தலுக்குப் பின் அசைவு கூடியதா என்று சோதிப்பதே சரி.

மண்டையோட்டு ஆஸ்டியோபதி வில்லியம் சதர்லாண்டின் வழி. மண்டையெலும்புகளுக்குள் ஒரு தாளம் உண்டு, அதை விரலால் உணரலாம் என்பது அதன் அடிப்படை. ஒரே தலையில் இருவர் எண்ணும் தாளம் ஒத்துவருவதில்லை. இதைச் சிகிச்சையாக ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை. உள்ளுறுப்புகளைக் கையால் நகர்த்தும் முறைக்கும் சான்று மெலிந்ததே.

எங்கே கை வைக்கக் கூடாது

கீழ்முதுகு வலிக்குத்தான் கைமுறைச் சிகிச்சையில் ஓரளவு சான்று உண்டு. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. சிகிச்சைக்குப்பின் ஓரிரு நாள் உடல்வலி இருப்பது சகஜம்.

எலும்பு முறிவு, எலும்புப்புரை, எலும்பில் புற்றுநோய், எலும்புத் தொற்று இருந்தால் உந்தல் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கும் அப்படியே. முடக்குவாதத்திலும் (ருமட்டாய்ட் மூட்டழற்சி) டவுன் நோய்க்குறியிலும் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கக் கூடும். அங்கே ஒரு திருப்பு தண்டுவடத்தையே நசுக்கலாம். கழுத்து உந்தலுக்குப் பின் முதுகெலும்புத் தமனியின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு; அபூர்வம், ஆனால் திரும்பப் பெற முடியாத சேதம். புதிதாக வந்த கடும் கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் இருந்தால் கழுத்தைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலும், அமரும் இடம் மரத்துப்போனாலும் அதுவே விதி. அங்கே ஒரு நாள் தாமதமும் கூடாது.

ஆள் பெயரை எழுதும்போது நாட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர். ‘ஆஸ்டியோபதி மருத்துவர்’ என்று எழுதலாம். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவர் பணி கைமுறையோடு நிற்கும். ‘ஆஸ்டியோபதி சிகிச்சையாளர்’ என்பதே பொருந்தும். கைமுறை ஆஸ்டியோபதி மட்டும் பயின்றவருக்கும் இந்த இரண்டாவது பெயரே சரி.