கால்பேக்குக்கு வெளியே பதிலைத் தேடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோளாறு என்னிடம் வந்துவிட்டது. நாகர்கோவிலில் கடைசி வருடம் படிக்கும் தம்பி, தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலையைக் காட்ட ஒரு வெப்சைட் செய்திருக்கிறான். நல்ல வேலைதான். ஆனால் பிச்சிப்பூ விலை வர வேண்டிய இடத்தில் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது மதிப்பு இல்லை, என்று நிற்கிறது. சர்வர் விலையை ஒழுங்காக அனுப்புகிறது.

கோடைத் திறந்தால் அதே தவறு. மேலே ‘விலை’ என்று ஒரு வேரியபிள். வேறொரு கோட் அழைப்பதற்காக நாம் கொடுத்து வைக்கும் ஃபங்ஷன்தான் கால்பேக்; இங்கே சர்வரின் பதில் வந்ததும் அது அழைக்கப்படும். அதற்குள் அந்த வேரியபிளில் மதிப்பை வைக்கிறான். கால்பேக் முடிந்த அடுத்த வரியில் அதைத் திரையில் எழுதுகிறான்.

அடுத்த வரி என்பதால் அடுத்து ஓடும் என்று நினைப்பதுதான் கோளாறு. நாம் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து வைக்கிறோம், அவ்வளவுதான். பதில் உடனே வந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கோட் முழுவதும் முடிந்த பிறகே அது அழைக்கப்படும். குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் செட்டைம்அவுட்டுக்குப் பூஜ்யம் கொடுத்தாலும் இதே கதிதான். உள்ளே ரிட்டர்ன் எழுதியும் பயனில்லை. அந்த மதிப்பு கால்பேக்கை அழைத்த இடத்துக்குப் போகும், உங்களிடம் வராது.

இதற்கு எல்லோரும் கண்டுபிடிக்கும் மருந்தைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது: இரண்டு வினாடி செட்டைம்அவுட்! “சார், என் போன்ல ஓடுதே” என்கிறான். கல்லூரி வைஃபையில் ஓடும். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது பதில் வர ஐந்து வினாடி ஆனால்? மறுபடியும் அன்டிஃபைன்ட். காத்திருக்கும் நேரத்தை ஊகிக்கவே கூடாது. விலை கையில் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைக் கால்பேக்குக்குள்ளேயே வையுங்கள்.

கால்பேக் என்றாலே தாமதமாக ஓடும் என்றும் எண்ண வேண்டாம். பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் ஃபார்ஈச், மேப் இரண்டுக்கும் கொடுப்பது கால்பேக்தான். அது அங்கேயே, அப்போதே ஓடி முடியும்.

கால்பேக்காக ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள்; பின்னால் அடைப்புக்குறி போட்டால் அந்த இடத்திலேயே ஓடிவிடும். வெளியே, பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பிறகு ஓடும் கால்பேக்கில் எழும் பிழை அதில் சிக்காது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸில் வழக்கமாகக் கால்பேக்குக்கு முதல் மதிப்பாக வருவது பிழை. தயவுசெய்து அதைப் பார்க்காமல் இரண்டாவதற்குத் தாவாதீர்கள்.

பிறகு வரப்போகும் பதிலைக் குறிக்கும் ப்ராமிஸ் 2015-இலும், அந்தப் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் அசிங்க்-அவெய்ட் 2017-இலும் மொழியின் தரத்திலேயே சேர்ந்துவிட்டன. சரி, தாராளமாக அவற்றில் எழுதுங்கள். ஆனால் அவெய்ட்டை விட்டுவிட்டால் விலைக்குப் பதில் ‘ஆப்ஜெக்ட் ப்ராமிஸ்’ என்று திரையில் வரும். வெப்சைட்டைக் கொடுப்பதற்கு முன் குரோமின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜிக்கு இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.