ஸ்டென்டுக்கு விலை வரம்பு உண்டு, கால்சியம் உடைக்கும் பலூனுக்கு?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், நெஞ்சுவலி என்று ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வீட்டுக்காரர்கள் கேட்பது "கார்டு எடுப்பாங்களா?" என்றுதான், அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைச் சொல்கிறார்கள். மார்த்தாண்டம், குழித்துறை ஆட்கள் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள், திருவனந்தபுரமும் போகிறார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இருக்கும் நம் ஆட்களிடம் கேரள ரேஷன் அட்டை. எந்தக் கார்டு எங்கே செல்லும் என்ற இந்தக் குழப்பத்தில் இப்போது "பிளாக்கில் கால்சியம் இருக்கு, ஷாக்வேவ் பண்ணிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்கணும், அதுக்குத் தனியா கட்டணும்" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

அந்தத் தனிப் பணம் எதற்கு என்று முதலில் பார்ப்போம். வயதானவர்கள், பல வருடச் சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் இவர்களுக்கு இதய ரத்தக்குழாயின் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடும். அடைப்பை விரிக்கும் சாதாரண பலூன் அங்கே விரியாது. அப்படியே ஸ்டென்டை, அதாவது குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழலை, வைத்தால் அது பாதி விரிந்த நிலையில் நசுங்கி நிற்கும், பிறகு அதே இடத்தில் ரத்தம் உறையவோ மறுபடி அடைக்கவோ வாய்ப்பு அதிகம். அதனால் கால்சியத்தை முதலில் உடைக்க வேண்டும். வைரத்துகள் பதித்த முனையை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றி அரைக்கும் ரோட்டாப்ளேட்டர் பழைய வழி, இப்போதும் நடக்கிறது. ஷாக்வேவ் என்பது சிறுநீரகக் கல் உடைக்கும் அதே நுட்பம். குழாய்க்குள் பலூனை 4 அட்மாஸ்ஃபியர் என்ற குறைந்த அழுத்தத்தில் விரித்து உள்ளே மின்பொறி கொடுப்பார்கள். விநாடிக்கு ஒன்றாக, ஒரு சுற்றுக்கு 10 அதிர்வு. அந்த அலை மென்மையான தசையை விட்டுவிட்டுக் கால்சியத்தில் விரிசல் விடும். அமெரிக்காவில் இதயக் குழாய்க்கு இதை அனுமதித்ததே 2021 பிப்ரவரியில்தான்.

கால்சியம் இருக்கிற எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. குழாய்க்குள் ஓசிடி படம் (ஒளியைக் கொண்டு உட்சுவரைக் காட்டுவது) எடுத்துப் பார்க்கும்போது கால்சியம் பாதி வட்டத்துக்கு மேல் சுற்றி, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு இருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாது என்பது மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு. "படத்தில் எவ்வளவு இருக்கு சார்?" என்று தாராளமாகக் கேளுங்கள், நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, காசு. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தது, மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260. அதன் பிறகு இந்த விலைகள் அவ்வப்போது மாறி வருகின்றன. ஆனால் அந்த வரம்பு ஸ்டென்டுக்கு மட்டும். ஷாக்வேவ் பலூன் அதற்குள் வராது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது, விலையும் ஸ்டென்டைப் போலப் பல மடங்கு. மருத்துவக் கருவி எதற்கும் அச்சிட்ட விலையை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற 2020 ஏப்ரல் 1 விதி இதற்கும் பொருந்தும். அது பெரிய ஆறுதல் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. விஏஓ வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் பதியலாம். ஸ்டென்டோடு ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் அடைப்பை விரிக்கும் சிகிச்சை) இதில் உண்டு, ஆனால் எல்லாம் முன்பே நிர்ணயித்த தொகை. விலை கூடிய பலூன் அந்தத் தொகைக்குள் அடங்காததால்தான் "தனியா கட்டுங்க" என்கிறார்கள்.

கேரளத்தில் இது காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, அங்கும் 5 லட்சம். அதில் சேராத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் உதவி தனியாக உண்டு.

எல்லை தாண்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, நாடு முழுக்கச் செல்லும் உரிமை மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் பயனாளிக்குத்தான், அதுவும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும். கையில் இருக்கும் கார்டு அந்த வகையா என்பதை 14555இல் முதலில் கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். அந்தத் திட்டத்தில் 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது. கால்சியப் பிரச்சினை அதிகம் வருவதும் அந்த வயதில்தான், அதனால் வீட்டுப் பெரியவர்கள் பெயரை இப்போதே பதியப் பாருங்கள்.

நடைமுறையில் முக்கியமானது முன் அனுமதி. ஆஞ்சியோ பரிசோதனையில் கால்சியம் தெரிந்து, உடனே உயிருக்கு ஆபத்து இல்லை என்றால், அன்றே ஸ்டென்ட் வைக்கத் துடிக்க வேண்டாம். ஷாக்வேவ் தேவை என்று மருத்துவரைக் காரணத்தோடும் படங்களோடும் எழுதச் சொல்லி, அதையும் சேர்த்தே காப்பீட்டு ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத அறுவைச் சிகிச்சைக்குத் தனி ஒப்புதல் கேட்கும் வழி ஆயுஷ்மான் பாரத்தில் இருக்கிறது, கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. டேபிளில் படுக்க வைத்த பிறகு வெளியே வந்து கையெழுத்து கேட்டால் பேரம் பேச முடியாது. அட்டாக்கோடு போனவர் கதை வேறு. அங்கே சிகிச்சைதான் முதலில், ஒப்புதலை ஆஸ்பத்திரிக்காரர்கள் அவசர முறையில் வாங்கிக்கொள்வார்கள்.

பில்லில் ஸ்டென்டின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், விலை எல்லாம் தனியாக இருக்க வேண்டும், அது விதி. ஷாக்வேவ் பலூனுக்கும் அப்படியே கேட்டு வாங்குங்கள், அட்டைப்பெட்டி ஸ்டிக்கரோடு. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்குக் கூடுதலாகப் பணம் வாங்கினால் தமிழ்நாட்டில் 1800 425 3993இல் புகார் சொல்லலாம், பேசும்போது அந்த பில் கையில் இருக்கட்டும்.