உறைந்த ஊசி, உருகினாலும் தேறாது

ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவேலன்ட் தடுப்பூசியின் வயல் (சிறு கண்ணாடி மருந்துக்குப்பி) ஒன்றை மேசைமேல் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால், அடியில் வெள்ளையாக ஒன்று படியும், மேலே நீர் தெளிந்து நிற்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் நீர்மோர் மாதிரி ஒரே சீராகக் கலங்கிவிடும். அந்த வெள்ளைப் படிவு தூசியோ அழுக்கோ அல்ல. அது அலுமினிய உப்பின் நுண்துகள். மருந்துப் புரதம் அந்தத் துகள்களின்மேல்தான் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுவோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே வித்தைதான் இது. டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) டாக்சாய்டை, அதாவது வீரியம் நீக்கிய கிருமி நஞ்சை, படிகாரத்தோடு சேர்த்துப் படியவைத்துச் செலுத்தினால் எதிர்ப்பு சக்தி பல மடங்கு கூடுகிறது என்று 1926-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி குழுவினர் காட்டினார்கள். இன்று படிகாரத்துக்குப் பதிலாக அலுமினியம் ஹைட்ராக்சைடு அல்லது அலுமினியம் பாஸ்பேட் கூழ். ஹெபடைட்டிஸ் பி, டி.பி.டி. முத்தடுப்பு ஊசி, டி.டி. எனும் டெட்டனஸ் ஊசி, பெண்டா, நிமோனியா தடுப்பூசி, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. எல்லாம் இந்த வகைதான். இவை அனைத்துக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: உறைதல்.

வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்பதைப் பாட்டி முதல் பார்மசி மாணவர் வரை எல்லோரும் அறிவார்கள். அந்தப் பயத்திலேயே எவ்வளவுக்கெவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். கெடுதல் தொடங்குவது அங்கேதான். தடுப்பூசியை வைக்க வேண்டிய 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்பதில் அந்த 8-ஐ எல்லோரும் கவனிக்கிறார்கள், 2-ஐ யாரும் கவனிப்பதில்லை. ஹெபடைட்டிஸ் பி ஊசிமருந்து மைனஸ் அரை டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும்.

உறையும்போது நடப்பது இதுதான். தண்ணீர் தனக்குள் வேறு எதையும் சேர்த்துக்கொள்ளாமல் சுத்தமான பனிப்படிகமாக வளரும். அலுமினியத் துகள்களையும் உப்பையும் ஓரங்கட்டி, மிச்சமிருக்கும் சந்துகளில் நெருக்கித் தள்ளும். இதுவரை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்த துகள்கள் மோதி, ஒட்டி, கட்டியாகிவிடும். மேலே ஒட்டியிருந்த புரதமும் சிதையலாம். பிறகு பனி உருகினாலும் கட்டி கரையாது. திரிந்த பாலை ஆற்றினால் மறுபடி பாலாகுமா? அதே கதைதான். ஊசி போட்டால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு குறையும், போட்ட இடத்தில் கட்டி, வீக்கம் வரும் வாய்ப்பும் கூடும். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தால் கிருமி புகவும் வழியாகும்.

இதில் மோசமான சங்கதி, வயல்மேல் ஒட்டியிருக்கும் வி.வி.எம். (வேக்சின் வயல் மானிட்டர்) அடையாளம் இதைக் காட்டிக்கொடுக்காது என்பது. வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் சூட்டில் மெல்ல மெல்லக் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த வயலைப் பயன்படுத்தக் கூடாது. 1996-இல் போலியோ சொட்டு மருந்தில் தொடங்கிய இந்த முறை அருமையானது, ஆனால் அது அளப்பது சூட்டை மட்டும். ராத்திரி முழுக்க உறைந்து கிடந்து காலையில் உருகிய வயலின் சதுரம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பார்ப்பவருக்கு அதுதான் இருப்பதிலேயே நல்ல வயலாகத் தெரியும்.

உறைய வைப்பது பெரும்பாலும் அக்கறைதான். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் மைனஸ் 20 டிகிரி அளவில் இருக்கும். அதை அப்படியே வேக்சின் கேரியரில் (தடுப்பூசி எடுத்துப்போகும் குளிர்பெட்டியில்) அடுக்கி நடுவில் வயலைச் செருகினால், முகாம் நடக்கும் இடம் போய்ச் சேர்வதற்குள் சுவரோரம் இருந்த வயல் உறைந்திருக்கலாம். அதனால்தான் ஐஸ் பேக்கை வெளியே எடுத்து மேசைமேல் பரப்பி வைத்து, மேற்பரப்பு வியர்த்து, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். இத்தனை நிமிடம் என்று கணக்குச் சொல்ல முடியாது. சித்திரை வெயிலுக்கு ஒரு கணக்கு, மார்கழிக் குளிருக்கு வேறு கணக்கு. சத்தம்தான் அளவுகோல். தடுப்பூசி போடும் புதன்கிழமை காலை அவசரத்தில் முதலில் விட்டுப்போகும் வேலையும் இதுதான். ஐஸ் பேக்குக்கும் மருந்தறைக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய தடுப்பு வைத்த கேரியர்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றில் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு அடுக்க வேண்டும்.

அடுத்தது கிளினிக் ஃபிரிட்ஜ். ஆரம்ப சுகாதார நிலையத்து ஐ.எல்.ஆர். (சுவரில் பனி உறைந்த தடுப்பூசி ஃபிரிட்ஜ்) மேல்பக்கம் திறப்பது. கனமான குளிர்காற்று கொட்டிப்போகாமல் உள்ளேயே தங்கும், சுவரில் பனி உறைந்திருப்பதால் நாளில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே தாக்குப்பிடிக்கும். அதன் அடித்தளம்தான் மிகக் குளிர்ந்த இடம், அதனால் உறைந்தால் கெடும் மருந்துகளைக் கூடையில் மேலாக வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜுக்கு இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் அறைக்கு நேர்கீழே உள்ள தட்டில் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், கதவில் 12-ஐத் தாண்டலாம். ஒரே பெட்டிக்குள் இரண்டு பருவம்.

வேறு வழியில்லாமல் அதையே பயன்படுத்துகிற இடங்களில் நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், காற்று போக இடம்விட்டு மருந்தை வையுங்கள். கதவிலும் காய்கறிப் பெட்டியிலும் மருந்து வேண்டாம். அங்கே தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் கரண்ட் போனாலும் வெப்பநிலை சட்டென்று ஏறாது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று மருந்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், காலை மாலை இரண்டு வேளையும் எழுதி வையுங்கள். சாதாரண தெர்மாமீட்டர் நீங்கள் பார்க்கும் நேரத்து அளவை மட்டும்தான் சொல்லும். ராத்திரி 3 மணிக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

கரண்ட் வந்தவுடன் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்புகிற வழக்கத்தையும் விட வேண்டும். அதனால் ஃபிரிட்ஜ் வேகமாகக் குளிராது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருக்கும். பகலில் திருப்பியவர் மறந்து வீட்டுக்குப் போய்விடுவார், வெளிச்சூடு தணிந்த இரவில் உள்ளே உறையும்.

உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஊசிமருந்தில் சந்தேகத்தை இவ்வளவு எளிதாகத் தீர்த்துவைக்கும் வழி வேறு இல்லை என்றே சொல்லலாம். சந்தேக வயலின் அதே கம்பெனி, அதே பேட்ச் எண் கொண்ட இன்னொரு வயலை எடுத்து, ‘உறைந்தது’ என்று எழுதி ஒட்டி, டீப் ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்துக் கல்லாக்குங்கள். காலையில் எடுத்துத் தானாக உருக விடுங்கள், வெந்நீரில் போடக் கூடாது. பிறகு இரண்டையும் ஒரே கையில் பிடித்து 10, 15 விநாடி நன்றாகக் குலுக்கிச் சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு 30 நிமிடம் வரை பாருங்கள். வேண்டுமென்றே உறையவைத்த வயலில் திப்பி திப்பியாகச் சீக்கிரம் அடியில் இறங்கும். சந்தேக வயல் அதைவிட மெதுவாகத் தெளிந்தால் பயன்படுத்தலாம். அதே வேகத்திலோ இன்னும் வேகமாகவோ தெளிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். லேபிள் மறைத்தால் இரண்டையும் தலைகீழாக நிறுத்திக் கழுத்துப் பக்கம் பார்க்கலாம். கல்லாக உறைந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டால் சோதனையே வேண்டாம். ஐ.பி.வி. போலியோ ஊசியில் அலுமினியம் இல்லை. அதுவும் உறைந்தால் கெடும், ஆனால் இந்தச் சோதனையில் பிடிபடாது.

காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மை–ரூபெல்லா ஊசிகள் தூளாக வருபவை. உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி எடுத்த தூள் என்பதால் குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது. 1950-களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி காலியர் பெரியம்மைத் தடுப்பூசியை இப்படி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தியிருக்காவிட்டால், ஃபிரிட்ஜே இல்லாத கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. இங்கே ஆபத்து கரைக்கும் நீரில் இருக்கிறது. அந்த நீர் இருக்கும் கண்ணாடி ஆம்ப்யூல் உறைந்தால் வெடிக்கலாம். கரைத்த மருந்தை 4 மணி நேரத்துக்குமேல் வைத்திருந்தால் உள்ளே புகுந்த கிருமி பெருகும், ஏனெனில் அதில் கிருமித்தடுப்புப் பொருள் கிடையாது. கரைநீரை மாற்றிக் கலப்பது எல்லாவற்றிலும் கொடியது. 2014-இல் சிரியாவின் இத்லிப் பகுதியிலும் 2018-இல் சமோவாவிலும், தசைகளைத் தளர்த்தும் மயக்கவியல் மருந்தைத் தவறுதலாகத் தட்டம்மைத் தூளில் கலந்ததால் குழந்தைகள் இறந்தார்கள். தடுப்பூசி இருக்கும் ஃபிரிட்ஜில் வேறெந்த மருந்தும் கூடாது என்ற விதி எவ்வளவு முக்கியம் என்பதை இவை காட்டுகின்றன. ‘எல்லாம் தண்ணிதானே’ என்று ஒன்றின் கரைநீரை இன்னொன்றுக்கு ஊற்றவும் கூடாது. பி.சி.ஜி.-க்கு உப்புநீர், தட்டம்மைக்கு வெறும் ஊசிநீர்.

மைனஸ் 70-இல் வைத்த ஃபைசர் கோவிட் ஊசியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் இருப்பது கொழுப்பு நுண்குமிழ்களுக்குள் பொதிந்த எம்.ஆர்.என்.ஏ. எனும் மரபுச் செய்தி மூலக்கூறு. உறையும்போது குமிழ்கள் குலையாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்தே அதைத் தயாரித்தார்கள். அதையும் ஒருமுறை உருக்கிவிட்டால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. புனேயில் தயாரான மெனாஃப்ரிவேக் மூளையுறைக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசி இன்னொரு திசையில் போனது. 40 டிகிரி வரை 4 நாள் வெளியே வைத்திருக்கலாம் என்ற அனுமதியோடு 2012-இல் ஆப்பிரிக்காவின் பெனினில் அதைப் பயன்படுத்தினார்கள். அலுமினிய வகைகளில் புரோபைலீன் கிளைகால் சேர்த்தால் உறைந்தும் கட்டியாகாது என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். நம் ஊர் கிளினிக்கில் இருக்கும் வயல்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வீட்டில் இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஐஸ் அறைக்குக் கீழே வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால், உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். விமானத்தில் போகும்போது கைப்பையில் வையுங்கள், சரக்கறையில் போகும் பெட்டியில் வேண்டாம். திறந்த வயலைப் பெரும்பாலும் 4 வாரம் வரை 30 டிகிரிக்குள் வெளியே வைத்திருக்கலாம், சரியான கணக்கு உறையிலேயே அச்சாகியிருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் ஹெபடைட்டிஸ் ஊசியோ டி.டி.யோ வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள், ஃபிரிட்ஜில் எந்தத் தட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள். ஐஸ் பையோடு கொடுத்தால் மருந்துப் பெட்டி அதை நேராகத் தொடாமல் நடுவில் துணியை நாலாக மடித்து வையுங்கள். நேரே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதைவிட, நாளைக்கே வாங்கிக்கொள்வது நல்லது.